கவர்னரை வழியனுப்பிய விக்ரோறியா

விக்ரோறியா ஆறு வருடம் ஆபிரிக்காவை ஆண்டவர். யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆண்டது வருடத்தில் ஒரு நாள்தான், அதுவும் அரை மணி நேரம். சாம்பியா நாட்டில், கிட்வே என்ற நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், ஒவ்வொரு ஒக்ரோபரிலும் சுதந்திர தின நாடகம் போடுவார்கள். அதில் பிரித்தானியக் கவர்னராக வருவது விக்ரோறியா. அரை மணி முடியும்போது சனம் திரண்டு வந்து அவரைத் துரத்தும். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரும்பலகைக்குப் பின்னால் போய் மறைவார். அடுத்த வருடம் வெட்கமில்லாமல் திரும்ப வந்து ஆள்வார்.

இப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது. வீடு ஒக்லாந்தில், கிளென் ஈடனில். வேலை ஹெண்டர்சனில், இரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில். காலை ஏழு மணியிலிருந்து ஆட்கள் வரிசையாக வந்து கையை நீட்டுவார்கள்; விக்ரோறியா ஊசியைக் குத்தி இரத்தம் எடுப்பார். நரம்பு அகப்படாத கைகளையெல்லாம் மற்றவர்கள் அவரிடம்தான் தள்ளிவிடுவார்கள். அவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே குத்துவார். ஆள் பதில் சொல்லி முடிப்பதற்குள் மூன்று குழாய் நிறைந்துவிடும். கணவர் கிளறன்ஸ் பஸ் ஓட்டுகிறார். மகள் ஜனுஷா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தமிழில் கேட்டால் இங்கிலிஷில் பதில் சொல்லும் ரகம்.

யாழ்ப்பாணத்துப் பாசையூர்ப் பெட்டைக்கு ஆபிரிக்காவில் என்ன வேலை என்று கேட்கலாம். அப்பா கணக்கு வாத்தியார். எழுபதுகளில் யாழ்ப்பாணத்து வாத்திமார் பலர் ஒப்பந்தத்தில் ஆபிரிக்க நாடுகளுக்குப் படிப்பிக்கப் போனார்கள். வெள்ளைக்காரன் போய்விட்டான், பள்ளிக்கூடங்களோ பெருகிக்கொண்டிருந்தன, அல்ஜிப்ரா சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. அப்படி எழுபத்தாறில் குடும்பமாகப் போய் இறங்கியபோது விக்ரோறியாவுக்கு ஒன்பது வயது. ஊரில் சொந்தக்காரர்கள் அவரைக் 'கறுப்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். கிட்வேயில் வகுப்பிலேயே வெளிறிய பிள்ளை அவர்தான். இரண்டு விமானம் மாறி ஏறியதில் ஆள் வெள்ளைக்காரி ஆகிவிட்டார்.

நாடகம் போட்டவர் முலெங்கா மாஸ்ரர். இளமையில் ஒரு குழுவோடு லொறியில் ஊர் ஊராகப் போய், மர நிழலில் சனத்தை இருத்தி நாடகம் போட்டவர். "கொடியை இறக்க ஒரு நிமிடம் போதும். இறக்கியாயிற்று என்று சனத்துக்கு நம்பிக்கை வரத்தான் வருடா வருடம் நடிக்க வேண்டியிருக்கிறது" என்பார். புதுப் பிள்ளையின் பெயரைக் கேட்டதும் மேசையில் தட்டிச் சிரித்தார். மகாராணியின் பெயரை வைத்துக்கொண்டு இந்தப் பிள்ளை வேறு என்ன வேடம் போடும்? முகத்தில் சோளமாவைப் பூசி, தலையில் ஒரு தொப்பியைக் கவிழ்த்தார்கள். கவர்னர் தயார்.

ஆனால் விக்ரோறியாவுக்கு ஆசை வேறு ஒரு பாத்திரத்தின் மேல். கடைசிக் காட்சியில் சந்தைக்காரி ஒருத்தி முதுகில் பிள்ளையைத் துணியால் கட்டிக்கொண்டு வருவாள். கவர்னர், "நான் போனால் உங்களை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்பார். சந்தைக்காரி ஒரே ஒரு சொல் சொல்வாள். சத்தம் போடமாட்டாள், கையை ஓங்கமாட்டாள். அந்தச் சொல்லோடு ஒரு சாம்ராஜ்யம் பெட்டியைக் கட்டும். ஐந்தாவது வருடம் விக்ரோறியா துணிந்து போய், இந்தமுறை நான் சந்தைக்காரியாக வரட்டுமா என்று கேட்டார். "நீ அவளானால் கவர்னருக்கு நான் எங்கே போவேன்?" என்றார் மாஸ்ரர். நியாயமான கேள்விதான். எண்பத்திரண்டில் அப்பாவின் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிக் கடிதம் வந்தது. குடும்பம் யாழ்ப்பாணம் திரும்பியது.

ஆசை மட்டும் போகவில்லை. யுத்தம், கலியாணம், கொழும்பு, விசா, ஒக்லாந்து எல்லாவற்றையும் தாண்டிக் கூடவே வந்தது. ஒருமுறையாவது துரத்தப்படுகிற பக்கம் நிற்காமல் துரத்துகிற பக்கம் நின்று பார்க்க வேண்டும் என்ற ஆசை. கோப்பை கழுவும்போது குசினி யன்னலைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லிப் பலமுறை கவர்னரை அனுப்பியிருக்கிறார். கிளறன்ஸ் அதை ஒருநாள் கேட்டுவிட்டு, தன்னைத்தான் சொல்கிறார் என்று எண்ணிக் குப்பைத் தொட்டியை ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

மேற்கு ஒக்லாந்தில் தமிழ் நாடகக் குழு ஒன்று இருக்கிறது. வருடத்துக்கு ஒரு நாடகம். இலங்கை, இந்தியா, மலேசியா என்று மூன்று தமிழும் அதில் கலந்து கிடக்கும். இயக்குநர் மாணிக்கவாசகம் ஈப்போவிலிருந்து வந்தவர், ஓய்வுபெற்ற என்ஜினியர். பாலம் கட்டியவர் என்பதால் நாடகத்தையும் வரைபடம் போட்டுத்தான் இயக்குவார். 2024ஆம் ஆண்டு ஒருநாள் கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது, விக்ரோறியா பேச்சுவாக்கில் தன் கவர்னர் கதையைச் சொல்லிவிட்டார். மாணிக்கவாசகம் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"இதத்தான் தேடிக்கிட்டு இருந்தேன் லா! எத்தன வருசத்துக்கு ராஜா ராணி கதையே போடுறது? ஆபிரிக்காவுல ஒவ்வொரு நாடா எந்திரிச்சு நின்னப்ப அவங்க நாடகம் போட்டுத்தான் பேசியிருக்காங்க. நம்மளும் வெள்ளைக்காரன்கிட்ட இருந்தவங்கதானே? நாம ஏன் பேசக்கூடாது?"

இரண்டு வாரத்தில் பிரதி தயாராகிவிட்டது. விக்ரோறியா அன்றைக்கு நல்ல சேலை உடுத்துக்கொண்டு போனார். யாருடைய கதை? அவருடைய கதை. சந்தைக்காரி யார் என்று கேட்கவும் வேண்டுமா? மாணிக்கவாசகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாத்திரப் பட்டியலை வாசித்தார்.

"கவர்னர், விக்ரோறியா."

விக்ரோறியா பட்டியலை எட்டிப் பார்த்தார்.

"ஆறு வருச அனுபவம்! நியூசிலாந்துலயே வேற யாருக்கு இருக்கு சொல்லுங்க?"

சந்தைக்காரியை அவர் ஆணாக்கி, சந்தைக்காரர் தலைவன் என்று பெயர் வைத்து, பொள்ளாச்சிக்காரர் நல்லசாமிக்குக் கொடுத்திருந்தார். நல்லசாமி கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர், முப்பத்துநான்கு வயது, கூப்பிட்டால் நகரத்தின் அடுத்த கோடி மனுகாவ் வரைக்கும் கேட்கும் குரல். விக்ரோறியா என்ன செய்வார்? சபையில் முகம் முறித்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. "ஓம் சேர்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து வெங்காயத்தை வெட்டு வெட்டென்று வெட்டினார்.

"வெயிட், மம். யூ வேர் த கொலனைசர்?" என்று ஜனுஷா கண்ணை விரித்தாள்.

"ஓம் பிள்ளை. இப்பவும் நான்தான்."

"கவர்னர் எண்டா கார் தருவினமோ?" என்று கேட்ட கிளறன்ஸுக்கு அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் உப்புக் கொஞ்சம் கூடத்தான் விழுந்தது.

ஒத்திகை தொடங்கியது. முதல் வில்லங்கம் கோஷத்தில். சாம்பியாவில் விடுதலைப் போராட்டத்தின்போது சனம் 'க்வாச்சா' என்று கோஷம் போடும். விடிந்துவிட்டது என்று அர்த்தம். மாணிக்கவாசகம் அதைத் தமிழில் போட்டு, பத்துப் பேரை மேடையில் நிறுத்தி, "விடிஞ்சுது! விடிஞ்சுது!" என்று கத்த வைத்தார். பின்வரிசையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த யாரோ, "நாடகம் விடிஞ்ச மாதிரித்தான்" என்றார்கள். எல்லாரும் சிரித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. பேசாமல் க்வாச்சா என்றே வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது வில்லங்கம் மேக்கப்பில். இயக்குநரின் மனைவி சீதாதேவிதான் மேக்கப் பொறுப்பு. ஆபிரிக்கச் சனமாக வருகிறவர்களுக்குப் பூசவென்று கறுப்பு மை டப்பா இரண்டு வாங்கி வந்திருந்தார். விக்ரோறியா டப்பாவை வாங்கி, மூடியைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தார்.

"இது வேண்டாம் அக்கா. நான் அவையளோட படிச்சனான். இதைப் பூசிக்கொண்டு நிண்டா அவையின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது? எங்கட நிறமே காணும்."

சீதாதேவி தன் கையையும் மற்றவர்களின் கைகளையும் பார்த்தார். "ஆமால, நம்மகிட்ட இருக்கிறதே போதும்" என்று டப்பாவைப் பைக்குள் போட்டார். பவுடர் மட்டும் கவர்னருக்காக மிஞ்சியது.

மூன்றாவதுதான் பெரிய வில்லங்கம். கடைசிக் காட்சியில் நல்லசாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "வெள்ளையனே வெளியேறு!" என்று இடி மாதிரிக் கத்தினார். யன்னல் அதிர்ந்தது. விக்ரோறியாவுக்குப் பொறுக்கவில்லை. பாத்திரம் போனால் போகட்டும், அந்தச் சொல்லையுமா கெடுப்பது?

"சேர், அது கூட்டத்தில கத்துறது. அந்த மனிசி கத்தேல்ல. வீட்டில பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு ரெடியாகு எண்டு சொல்லுற மாதிரித்தான் சொன்னவ. எங்கட தமிழில எண்டா ஒரே சொல்லுத்தான். வெளிக்கிடு."

"அப்படின்னா?"

"உடுப்பை மாத்து, பெட்டியை எடு, நேரமாச்சு, நட. எல்லாம் அதுக்குள்ள இருக்கு."

மாணிக்கவாசகம் இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "நல்லாருக்கே! சத்தமே இல்லாம அடிக்குது" என்று பிரதியில் பழைய வசனத்தை வெட்டிவிட்டார். நல்லசாமி நெஞ்சை நிமிர்த்தினார். "வெளிக்..." என்று தொடங்கினார். அவ்வளவுதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேடையிலேயே குந்திவிட்டார்.

"மன்னிச்சுக்கங்கக்கா. எங்க ஊர்ல வெளிக்கிப் போறதுன்னா சொம்பெடுத்துக்கிட்டுப் போறதுங்க. கவர்னரப் பாத்து அதச் சொன்னா..."

அதற்குப் பிறகு யாரால் முடியும்? மூன்று ஒத்திகை பார்த்தார்கள். நல்லசாமி நகத்தால் கையைக் கிள்ளிப் பார்த்தார், செத்துப்போன ஆட்களை நினைத்துப் பார்த்தார். கவர்னர் பெட்டியைத் தூக்குவதைக் கண்டதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நான்காம் ஒத்திகையில் அவரே கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஏனுங்கய்யா, நான் வேணா கவர்னரா வந்துர்றேன். ஒட்டு மீசைக்குள்ள சிரிச்சுக்கலாம். இந்த வார்த்தைய அக்காவே சொல்லட்டும். அவங்களுக்குத்தான் அது வார்த்தை."

மாணிக்கவாசகம் வரைபடத்தைப் பார்த்தார், நல்லசாமியைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். தலைவன் மறுபடியும் சந்தைக்காரி ஆனான். விக்ரோறியா வீட்டுக்குப் போகும் வழியில் காரை டெய்ரி என்கிற மூலைக்கடை ஒன்றுக்கு முன்னால் நிறுத்தி, ஐஸ்கிரீம் வாங்கி, காருக்குள் தனியே இருந்து முழுவதையும் சாப்பிட்டார். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம்.

ஒக்ரோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு நாடகம். கிளென் ஈடனில் ஒரு மண்டபம், இருநூறு கதிரை, அத்தனையும் நிறைந்துவிட்டது. யாரும் சொல்லிவைக்காமலே யாழ்ப்பாணத்துச் சனம் இடது பக்கமும், இந்தியா மலேசியாக்காரர் வலது பக்கமும் இருந்தார்கள். நல்லசாமி முகம் முழுக்கப் பவுடரோடு மிடுக்காக ஆட்சி செய்தார். கோஷம் நன்றாக வந்தது. கடைசிக் காட்சியில் விக்ரோறியா முதுகில் துணிப்பொம்மையைக் கட்டிக்கொண்டு கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தார்.

"நான் போனால் உங்களை யார் பார்ப்பார்கள்?" என்று கவர்னர் கேட்டார்.

விக்ரோறியா அவரை நன்றாகப் பார்த்தார். நாற்பத்தெட்டு வருடம். சத்தம் போடவில்லை, கையை ஓங்கவில்லை.

"வெளிக்கிடு."

வலது பக்கம் குபீரென்று சிரித்தது. நல்லசாமியின் மீசையும் ஆடியது. இடது பக்கத்தில் ஒரு இருமல்கூட இல்லை. தொண்ணூற்றைந்து ஒக்ரோபரில், இராணுவம் யாழ்ப்பாணத்தை நெருங்கிய நாளில், ஒலிபெருக்கி கட்டிய வாகனம் வந்து முழு ஊரையும் வெளிக்கிடச் சொன்னபோது, அந்தப் பக்கம் இருந்தவர்களில் பாதிப்பேர் பானையும் பிள்ளையுமாக ரோட்டில் நின்றவர்கள். விக்ரோறியாவும் நின்றவர். மாதாவின் படத்தைச் சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டு, பெற்றோரை நடத்திக்கொண்டு, மழைக்குள் செம்மணி வெளியைக் கடந்தவர். குசினி யன்னலைப் பார்த்து இத்தனை வருடம் சொன்னபோதெல்லாம் இது நினைவுக்கு வந்ததில்லை. இப்போது, தான் ஒருவருக்குச் சொன்ன பிறகு, வந்தது.

கவர்னர் தொப்பியைப் போட்டுக்கொண்டு பெட்டியைத் தூக்கினார். பிரதியின்படி அவர் மெல்ல நடந்து மறைய வேண்டும். சனம் அசையாமல் பார்த்து நிற்க வேண்டும். விளக்கு அணைய வேண்டும். நல்லசாமி நாலடி நடந்தார். பெட்டியோடு கூனிப் போகிற அந்த முதுகைப் பார்த்ததும் விக்ரோறியாவின் வாய் தன்பாட்டில் திறந்தது.

"போயிட்டு வாங்கோ."

நல்லசாமி திரும்பிப் பார்த்தார். இப்படிச் சொன்னால் பதில் சொல்லாமல் போக எந்தத் தமிழனால் முடியும்? கவர்னர் தொப்பியைக் கழற்றி, "சரிங்கக்கா, வர்றேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மண்டபம் கூரை பறக்கச் சிரித்தது. இந்தமுறை இரண்டு பக்கமும் சேர்ந்து. கிளறன்ஸ் எழுந்து நின்று கைதட்டினார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தவர்களும் உண்டு.

மேடைக்குப் பின்னால் மாணிக்கவாசகம் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, நாலு மாசமா எதுக்கு ஒத்திகை பாத்தோம்? அவ்வளவு காலம் இருந்து சுரண்டித் தின்னவன். கஷ்டப்பட்டுத் துரத்துற நேரத்துல, திரும்பி வாங்கன்னு சொல்லி அனுப்பிட்டீங்களே! நாடகத்தோட அரசியலே போச்சு!"

"வாயில வந்திட்டுது, சேர்" என்று விக்ரோறியா சிரித்தார். பொம்மையை முதுகிலிருந்து அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு இறுகியிருந்தது. சிரிப்பும் அதோடு நின்றுவிட்டது.

"சாம்பியாவில வீட்டை விடச் சொல்லிக் கடிதம் வந்தது. ஊரில ஒலிபெருக்கியில சொன்னவை. கொழும்பில பொலிஸ் வந்து கதவைத் தட்டி ஊருக்குப் போகச் சொன்னது. எல்லாரும் வெளிக்கிடு எண்டுதான் சொன்னவை, சேர். போயிட்டு வா எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்ல. கவர்னர் போகத்தான் வேணும், அதில எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனா போற ஒராளுக்கு அதைச் சொல்லாம விட எனக்கு மனம் வரேல்ல."

மாணிக்கவாசகம் தலையிலிருந்த கையை எடுத்தார். விக்ரோறியா அங்கேயே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுதார். பொம்மை இன்னும் முதுகில்தான் இருந்தது.